திண்ணையில் ஏன் தூக்கம் வருகிறது?

சித்திரை மாதத்தில் சேலத்தில் எந்தக் கிரகப்பிரவேசத்துக்குப் போனாலும், பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் பேச்சு வெக்கையில் வந்து நிற்கும். "இந்த ஊர்ல ஏசி இல்லாம இனி குடியிருக்க முடியாதுங்க" என்பார் ஒருவர். "எங்க அப்பாரு காலத்துல கதவு ஜன்னலைத் திறந்து போட்டுட்டுத்தான் இருந்தாங்க, என்ன குறைஞ்சு போச்சு?" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் போனை நீட்டிப் படம் காட்டுவார். சுவரே இல்லாத கூடம், நடுவில் ஒரு கட்டில், சுற்றிலும் மரம். "இப்படி ஒண்ணு கட்டணும்."

மூவரும் பேசுவது சௌகரியத்தைப் பற்றித்தான். ஆனால் முதலாமவருக்கு அது ரிமோட்டில் தெரியும் ஓர் எண், இரண்டாமவருக்கு ஒரு ஞாபகம், மூன்றாமவருக்கு ஒரு படம். இப்படி ஆளுக்கொரு திசையில் பேசிவிட்டு, கடைசியில் சதுர அடிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு, மேற்கே பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்து வீட்டைக் கட்டி முடித்துவிடுகிறோம். அதன்பிறகு முப்பது வருடம் அந்த வீட்டுக்குள் வியர்த்துக்கொண்டிருப்பவர்கள் நாம்தான். திறந்த வெளியில் குறைவான பொருட்களோடு வாழ்வது என்ற யோசனை நல்ல யோசனை என்றே நினைக்கிறேன். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் பலன் கிடைக்கும். அதை அடியிலிருந்து பார்க்கலாம்.

உடம்பும் ஓர் அடுப்புதான்

சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் ஒருவரின் உடம்பு ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. பழைய குண்டு பல்பு ஒன்று எரிகிற அளவு. தின்ற சோறு எரிந்து வரும் இந்தச் சூடு வெளியே போயே ஆக வேண்டும், ஏனென்றால் உடம்பின் உள்பக்கம் 37 டிகிரியை ஒட்டியே இருந்தாக வேண்டும். தோலின் சூடு அதைவிடக் கொஞ்சம் குறைவு. சுகமாக இருக்கும்போது 33, 34 டிகிரி.

உண்டாகிற சூடும் வெளியேறுகிற சூடும் சமமாக இருந்து, அதற்காக உடம்பு பாடுபட வேண்டியதும் இல்லை என்றால், நமக்கு எதுவுமே தோன்றாது. குளிர்கிறது என்றோ வேர்க்கிறது என்றோ நினைக்கவே மாட்டோம். அந்த நிலைக்கு வெப்ப இதம் என்று பெயர். அது அறையின் குணம் மட்டும் அல்ல. அறை, காற்று, துணி, செய்கிற வேலை, ஆள் எல்லாம் சேர்ந்த ஒரு கணக்கு.

சூடு வெளியேறும் நான்கு வழிகள்

முதல் வழி தொடுதல். மத்தியானம் பாய்கூடப் போடாமல் காவித் தரையில் முதுகை வைத்துப் படுக்கிறோமே, அது இதுதான். தரை சூட்டை நேராக வாங்கிக்கொள்கிறது.

இரண்டாவது காற்று. உடம்பைச் சுற்றி வெதுவெதுப்பான காற்றுப் படலம் ஒன்று எப்போதும் ஒட்டியிருக்கும். விசிறி அதைக் கலைத்துவிடுகிறது. விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை, ஆளைத்தான் குளிர்விக்கிறது. ஆள் இல்லாத அறையில் அது ஓடுவதால் ஒரு பயனும் இல்லை. காற்றே தோலைவிடச் சூடாகிவிட்டால் இந்த வழி தலைகீழாகிவிடும். சேலத்தில் கத்திரி வெயிலில் 39, 40 டிகிரி அடிக்கும்போது விசிறிக் காற்று அனலாக வீசுவது அதனால்தான்.

மூன்றாவது வியர்வை. மண்பானையை நினைத்துக்கொள்ளுங்கள். பானையின் வெளிப்பக்கத்தில் கசியும் நீர் ஆவியாகிறது, ஆவியாவதற்குத் தேவையான சூட்டை உள்ளே இருக்கும் தண்ணீரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது, தண்ணீர் குளிர்கிறது. நம் தோலும் அப்படித்தான். மணிக்கு 150 மில்லி வியர்வை முழுதாக ஆவியானால் போதும், அந்த 100 வாட்டும் வெளியேறிவிடும். ஆனால் ஆவியாக வேண்டும். வழிந்து தரையில் சொட்டினால் பயனில்லை. சேலத்துக் கோடையின் பிற்பகல் காற்று வறண்டது என்பதால் இந்த வழி இங்கே நன்றாக வேலை செய்கிறது. சென்னையில் ஈரக்காற்று அதைத் தடுத்துவிடுகிறது. "சேலத்து வெயில் சுடும், மெட்ராஸ் வெயில் பிசுபிசுக்கும்" என்று ஊர் மாறியவர்கள் சொல்வதன் பொருள் இதுதான்.

நான்காவது கதிர்வீச்சு. இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறோம். சூடான தோசைக்கல்லுக்குப் பக்கவாட்டில், தொடாமல் உள்ளங்கையைக் காட்டுங்கள். மேலே வேண்டாம், மேலே சூடான காற்று எழும்பும். பக்கவாட்டிலும் சூடு உறைக்கும். நடுவில் இருக்கிற காற்று சூடாக இல்லாவிட்டாலும் கல்லின் சூடு கைக்கு வந்து சேர்கிறது. எல்லாப் பொருளும் இப்படிச் சூட்டை வீசிக்கொண்டே இருக்கிறது. கூடுதல் சூடானது கொடுக்கும், குறைந்தது வாங்கும். குளுமையான சுவர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தால் நம் உடம்பின் சூடு சத்தமில்லாமல் சுவருக்குப் போய்விடும். சுவர் தோலைவிடச் சூடாக இருந்தால் சூடு நம் மேல் வரும்.

தலைக்கு மேலுள்ள தளம், சுற்றியிருக்கும் சுவர், தரை எல்லாவற்றின் சூட்டையும் சராசரியாகப் பார்த்தால் கிடைப்பதைக் கதிர்ச்சூடு என்று சொல்லலாம். சுவரில் மாட்டிய தெர்மாமீட்டர் சொல்வது காற்றின் சூட்டை மட்டும். உடம்பு உணர்வது, காற்று அசையாத இடத்தில், ஏறக்குறைய இரண்டின் சராசரி. அறைக்காற்று 30 டிகிரி, சுற்றிலும் கதிர்ச்சூடு 38 என்றால் உடம்புக்கு 34 ஆகத் தெரியும். வெளியே வேப்பமரத்தடியில் காற்று 32, சுற்றிலும் கதிர்ச்சூடு 30 என்றால் 31 ஆகத் தெரியும். கொஞ்சம் காற்றும் வீசினால் இன்னும் குறைவாகத் தெரியும். காற்றின் சூடு அறைக்குள்தான் குறைவு, ஆனால் சுகம் மரத்தடியில். திண்ணையில் தூக்கம் வருவதற்குப் பாதிக் காரணம் இங்கேயே கிடைத்துவிட்டது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: இதத்தைத் தீர்மானிப்பவை ஆறு. காற்றின் சூடு, கதிர்ச்சூடு, ஈரப்பதம், காற்றின் வேகம், உடுத்தியிருக்கும் துணி, செய்கிற வேலை. ஏசி முக்கியமாக மாற்றுவது காற்றின் சூட்டையும் ஈரத்தையும். மற்ற நான்கும் பெரும்பாலும் வீட்டின் அமைப்பிலும் நம் பழக்கத்திலும் இருக்கின்றன.

தலைக்கு மேலே ஒரு தோசைக்கல்

சில வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஓர் அறை எடுத்தோம். நான்கு அங்குலக் கான்கிரீட் தளம், அதன் மேல் எதுவும் இல்லை. முதல் கோடையிலேயே அது படுக்க முடியாத அறையாகிவிட்டது. வெயில் இறங்கி, வெளியே காற்று நன்றாகக் குளிர்ந்த பிறகும், இரவு பத்து மணிக்கு உள்ளே விசிறிக்கடியில் வியர்த்தது. ஜன்னல் சின்னது என்று நினைத்து அதைப் பெரிதாக்கினோம். பயனில்லை. பிரச்சினை தலைக்கு மேலே இருந்தது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

சேலம் கிட்டத்தட்ட 11.7 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. அதனால் வருடத்தில் இரண்டு முறை, ஏப்ரல் 20ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22ஐ ஒட்டியும், நடுப்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நட்டு வைத்த குச்சிக்கு நிழலே இருக்காது. நடுவில் உள்ள மே, ஜூன், ஜூலை மாதங்களில் உச்சிச் சூரியன் நமக்குக் கொஞ்சம் வடக்கே இருக்கும். 'தெற்குச் சுவரில்தான் வெயில்' என்று பொதுவாகச் சொல்வது நம் கோடைக்குப் பொருந்தாது. நம் ஊர்க் கோடையில் வெயிலை அதிகம் வாங்குவது தளம். அடுத்தபடியாகக் காலையில் கிழக்குச் சுவர், மாலையில் மேற்குச் சுவர்.

கான்கிரீட்டும் செங்கல்லும் சூட்டை உடனே உள்ளே விடுவதில்லை. மெல்ல வாங்கி, மெல்லக் கடத்தி, பல மணி நேரம் கழித்து மறுபக்கம் கொடுக்கின்றன. இதற்கு வெப்பத் தாமதம் என்று பெயர். மத்தியானம் இரண்டு மணிக்குத் தளத்தின் மேல் விழுந்த வெயில், சாயங்காலமும் முன்னிரவும் நம் மேல் இறங்குகிறது. விசிறியும் தளத்தை ஒட்டி நிற்கும் சூட்டுக் காற்றைத்தான் கீழே தள்ளுகிறது.

பழைய ஆட்கள் இதற்கு வழி வைத்திருந்தார்கள். மெட்ராஸ் டெரஸ் என்று கொத்தனார்கள் சொல்லும் தளத்தில் மரச்சட்டங்களுக்கு மேல் சின்னச் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, மேலே தட்டோடு என்னும் தட்டையான ஓட்டைப் பதிப்பார்கள். தடிமனான, துளைகள் நிறைந்த தளம். சூடு இறங்குவதற்குள் ராத்திரி வந்துவிடும். ஓட்டு வீட்டின் வழி வேறு. ஓடு மெல்லியது, சீக்கிரம் சுடும். ஆனால் இடுக்குகள் வழியே சூட்டுக் காற்று வெளியேறும், வெயில் இறங்கியதும் ஓடும் ஆறிவிடும். இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்து 2007இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், கான்கிரீட் தளத்தின் அடிப்பாகத்தில் ஓடுகளைப் பதித்துக் கான்கிரீட்டைக் குறைக்கும் முறையைப் பரப்பினார். செலவும் குறையும், உள்ளே மாட்டும் காற்று சூட்டையும் கொஞ்சம் தடுக்கும்.

எங்கள் அறைக்குக் கடைசியில் செய்தது, தளத்தின் மேல் வெள்ளைத் தட்டோடு பதித்து, அதற்கும் மேலே ஆள் உயரத்தில் கீற்றுப் பந்தல் போட்டது. பந்தல் வெயிலைத் தளத்தில் விழவே விடுவதில்லை. ஜன்னலைப் பெரிதாக்கிய காசில் இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

திறந்த வீட்டை எப்போது மூடுவது?

திறந்த வெளி வாழ்க்கை என்றதும் பலரும் நினைப்பது, எல்லாக் கதவையும் ஜன்னலையும் எந்நேரமும் திறந்து வைப்பதை. சேலத்துக் கோடையில் இது தப்பு. பகல் பதினொரு மணிக்கு வெளிக்காற்று உள்காற்றைவிடச் சூடாகிவிடும். அப்போது ஜன்னலைத் திறந்தால் அனலை விருந்துக்குக் கூப்பிட்ட மாதிரி. வாழப்பாடிப் பக்கம் எங்கள் அம்மாயி வீட்டில் காலைப் பலகாரம் முடிந்ததும் ஜன்னல்களைச் சாத்திவிடுவார்கள், கூடம் இருட்டாகக் கிடக்கும். வெயில் தாழ்ந்ததும் வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டு எல்லாவற்றையும் திறப்பார்கள். விடிய விடியத் திறந்தே இருக்கும். நான் அதைப் பழைய காலத்துப் பழக்கம் என்று மட்டும் நினைத்திருந்தேன். உண்மையில் அது ஒரு துல்லியமான இயக்கம்.

தடிமனான சுவர், தரை ஆகியவை நிறையச் சூட்டை உறிஞ்சியும் தாங்கள் மெதுவாகத்தான் சூடாகும். இதை வெப்பக் கொள்ளளவு எனலாம். இரவுக் காற்று அந்தச் சுவரைக் கழுவிக் குளிர்வித்துவிட்டால், மறுநாள் பகல் முழுக்க அது நம் உடம்பின் சூட்டை வாங்கிக்கொண்டிருக்கும். ராத்திரி திறக்காவிட்டால், சுவர் நேற்றைய சூட்டோடு இன்றைய சூட்டையும் சேர்த்துக்கொள்ளும். ஊருக்குப் போய்ப் பத்து நாள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் வெக்கை அதுதான்.

திறக்கும்போது காற்று வர ஒரு வழி, போக ஒரு வழி வேண்டும். ஒரே சுவரில் மூன்று ஜன்னல் வைப்பதைவிட எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு வைப்பது மேல். போகும் வழி உயரத்தில் இருந்தால் இன்னும் நல்லது, சூட்டுக் காற்று மேலே எழும்பும் என்பதால். வென்டிலேட்டரை அடைத்து அழகுக்கு ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

சுருக்கமாக: கோடையில் பகலில் மூடு, நிழல் கொடு, இரவில் திற, காற்றை ஓடவிடு. புழுக்கமான மழை மாதங்களில் இந்தக் கணக்கு மாறும், அப்போது பகலிலும் காற்றோட்டம்தான் கை கொடுக்கும்.

ஆள் நகர்கிறார், வீடு நகர்வதில்லை

பழைய வீட்டில் எல்லா நேரத்துக்கும் இதமான ஓர் அறை என்று எதுவும் கிடையாது. காலையில் வடக்குத் திண்ணை, உச்சியில் உள்கூடம், மாலையில் வாசல், இரவில் மொட்டை மாடி. பாயும் தலையணையும் கூடவே நகரும். பொருட்கள் குறைவாக இருந்ததால்தான் இது முடிந்தது. நகர்த்தவே முடியாத மெத்தைக் கட்டில் வந்ததும் நாம் ஓர் அறையில் மாட்டிக்கொண்டோம், அந்த அறையைக் குளிர்விக்க இயந்திரம் தேவைப்பட்டது. குறைந்த பொருட்களோடு வாழ்வதில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த நகரும் வசதி.

தொட்டிக்கட்டு வீட்டின் நடுவாசல் வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும். தெளிந்த இரவு வானம், கதிர்வீச்சைப் பொறுத்தவரை, மிகக் குளிர்ந்த ஒரு கூரை. வாசல் தரையும் சுற்றியுள்ள ஓடும் தங்கள் சூட்டை அதற்கு வீசிவிட்டுச் சீக்கிரம் ஆறுகின்றன. மொட்டை மாடியில் படுத்தால் கோடையிலும் விடிகாலையில் போர்வை தேடுவது இதனால்தான். நம் உடம்பும் வானத்துக்குச் சூட்டை வீசுகிறது. மாடித் தரை மட்டும் எட்டு மணிக்கும் கொதிக்கும். அதற்குத்தான் தண்ணீர் தெளிப்பதும் கயிற்றுக் கட்டில் போடுவதும். கயிற்றின் சந்துகளில் அடியிலிருந்தும் காற்று வரும், முதுகு வேர்க்காது.

அம்மாபேட்டைப் பக்கத்து நெசவு வீடுகளில் குழித்தறி பார்த்திருப்பீர்கள். நெய்பவர் கால்களைக் குழிக்குள் இறக்கி உட்கார்ந்து மிதிப்பலகையை மிதிப்பார். ஒரு பகலின் சூடு மண்ணுக்குள் மூன்றடி ஆழத்துக்கு இறங்குவதில்லை. அதனால் குழி குளுமையாக இருக்கும், அந்த ஈரப்பதத்தில் நூலும் அறுபடாது. தொழிலுக்காக வந்த அமைப்பு ஆளுக்கும் இதம் தந்தது. இதே மாதிரி ஒன்று அமெரிக்காவிலும் நடந்தது: 1902இல் வில்லிஸ் கேரியர் வடிவமைத்த முதல் நவீன ஏசி புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காகச் செய்யப்பட்டது. ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி வண்ணங்கள் விலகின, அதைச் சரிசெய்யத்தான்.

மலைக்கு மேலே கணக்கு வேறு

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. சேலம் கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டரை ஒட்டி இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்ற பொதுக்கணக்கில், அங்கே சுமார் எட்டு டிகிரி குறைவு. கீழே எதிரியாக இருந்த வெயில் அங்கே நண்பன். சேலத்தில் நிழல் தேடும் திண்ணை, ஏற்காட்டில் காலை வெயிலைத் தேட வேண்டும். காப்பிக் கொட்டை காயும் களத்தைப் பாருங்கள், வெயில் நன்றாக விழும் திறந்த இடமாகப் பார்த்துத்தான் வைத்திருப்பார்கள்.

மலையில் சிக்கல் ஈரம். மூடுபனி வீட்டுக்குள் வந்து துணியில், புத்தகத்தில், மரத்தில் பூஞ்சையாகும். சுவரில்லாத கூடம் படத்தில் அழகாக இருக்கும். ஆடி மாத மழையில் அது நனைந்த கூடம். அங்கே தேவை அகலமான ஓட்டுத் தாழ்வாரமும், காற்றோட்டம் உள்ள ஆனால் மூடக்கூடிய அறையும். சேலத்துப் படத்தை மலைக்கும், மலைப் படத்தைச் சேலத்துக்கும் எடுத்துப்போவதால் இரண்டு இடத்திலும் காசு வீணாகிறது.

பழகிய உடம்பு

டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாங்கர், 1970இல் வெளியிட்ட ஆய்வில், மேலே சொன்ன ஆறையும் வைத்து இதத்தைக் கணக்கிடும் முறையைக் கொடுத்தார். மூடிய, இயந்திரம் குளிர்விக்கும் கட்டடங்களுக்கு அது நன்றாகப் பொருந்தியது. ஜன்னல் திறக்கும் கட்டடங்களில் ஆட்கள் அந்தக் கணக்கு சொன்னதைவிட அதிகச் சூட்டிலும் சுகமாக இருந்தார்கள். 1998இல் டி டியர், பிரேகர் என்ற ஆய்வாளர்கள் இருவர் பல நாட்டுத் தரவுகளை வைத்து இதைக் காட்டினார்கள்: வெளியே பருவம் எப்படியோ, உடம்பும் எதிர்பார்ப்பும் அதற்கு ஏற்றபடி நகர்கின்றன. ஜன்னலைத் திறக்கலாம், சட்டையைக் கழற்றலாம், இடம் மாறலாம் என்ற சுதந்திரமும் இதில் சேரும். இதைத் தகவமைந்த இதம் என்கிறார்கள்.

இந்தியக் கட்டடங்களை வைத்து அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகத்தில் 2014இல் இப்படி ஒரு கணக்கு உருவானது. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித் தொகுப்பும் இந்தப் பார்வையை ஏற்றது. அந்தக் கணக்கின்படி, வெளியே ஒரு மாதச் சராசரி 32 டிகிரி என்றால், ஜன்னல் திறக்கும் கட்டடத்தில் இருப்பவருக்கு 30 டிகிரியை ஒட்டி இதமாக இருக்கும். 24 டிகிரிக்குப் பழகிய உடம்புக்கு அதே 30 தாங்க முடியாததாகத் தெரியும். இரண்டு உணர்வும் உண்மைதான்.

எல்லாவற்றுக்கும் எல்லை உண்டு. காற்று 40 டிகிரியைத் தாண்டினால் விசிறி உடம்பைச் சூடாக்கவே செய்யும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. கைக்குழந்தை, முதியவர், நோயாளி இருக்கும் வீட்டில் 'பழகிக்கோ' என்று சொல்வது கொடுமை. அங்கே ஓர் அறையில் ஏசி இருப்பது நியாயம், தளத்துக்கு நிழல் கொடுத்திருந்தால் அந்த ஏசியும் குறைந்த மின்சாரத்தில் ஓடும். கொசுவும் நிஜம். வலை போடாத திறந்த வீடு டெங்கு காலத்தில் ஆபத்து. நெருக்கமான வலை காற்றைக் கொஞ்சம் தடுக்கும், அதனால் திறப்பின் அளவைப் பெரிதாக வைக்க வேண்டும்.

எங்கே தொடங்குவது

புதிதாகக் கட்டாமல் இருக்கிற வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். வெயில் கடுமையான ஒரு நாள், இரவு எட்டு மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி, விசிறியை நிறுத்திவிட்டு, தளத்தின் அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வையுங்கள். பிறகு மேற்குச் சுவரில், பிறகு உள்சுவரில், கடைசியாகத் தரையில். தளம் சுட்டால் வெள்ளையடிப்போ தட்டோடோ பந்தலோதான் முதல் வேலை. மேற்குச் சுவர் சுட்டால் அதன் வெளியே ஒரு கொடிப்பந்தல், ஒரு மரம், அல்லது தொங்கவிட்ட தட்டி. எதுவும் சுடவில்லை, ஆனாலும் புழுங்குகிறது என்றால் காற்றுக்கு வெளியேறும் வழி இல்லை. ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் உயரமாக எங்கே ஒரு திறப்பு எடுக்கலாம் என்று கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.